கம்பி கனமா, மெல்லிசா? – சூடேற்றும் சுருளில் ஒரு பாதுகாப்புக் கணக்கு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் மின்னியல் துறைக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்தபோது சங்கச் செயலாளர் ஒரு நிபந்தனை போட்டார். "பெரிய தலைப்பு எதுவும் வேண்டாம்ப்பா. உன் தொழிலில் தினமும் கையில் புரளுகிற விஷயம் ஒன்றைச் சொல்லு, போதும்" என்றார். என் கையில் தினமும் புரளுவது நைக்ரோம் வயர்தான். கோவைப் பக்கத்தில் மின்சார அடுப்புகளும் சிறிய உலைகளும் செய்கிற ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்கிறேன். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக் கொள்கிறேன். சூடேற்றும் சுருள், அதாவது ஹீட்டர் காயில் செய்ய எந்தத் தடிமனுள்ள கம்பியை எடுப்பது?

இதில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது, ஓம் விதிதானே, பிளஸ் டூவிலேயே படித்தோமே என்று சில தம்பிகள் நினைக்கலாம். ஓம் விதி பாதிக் கணக்கைத்தான் போட்டுத் தரும். மீதிப் பாதியைப் போடாமல் விட்டதால்தான் விடுதி அறைகளிலும் டீக்கடைகளிலும் காயில் அறுந்து, வயர் உருகி, சில நேரம் தீயும் பிடிக்கிறது. அந்த மீதிப் பாதியைச் சொல்லத்தான் வந்தேன்.

கம்பியின் கதை

கரண்ட் பாய்ந்தால் கம்பி சூடாகும், அந்தச் சூடு கரண்டின் வர்க்கத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும் என்று ஜூல் 1841-லேயே சொல்லிவிட்டார். அப்படியும் நல்ல மின்சார அடுப்பு வர அதற்குப் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. காரணம், கம்பி கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சினால் துருவாக உதிரும். தாமிரத்துக்கு மின்தடை போதாது. பிளாட்டினம் தாங்கும், ஆனால் நம்ம பையில் இருக்கிற காசு தாங்காது.

அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து செய்த கம்பிக்கு 1906-ல் காப்புரிமை பெற்றார். அதுதான் நாம் இன்றைக்கும் கடையில் கேட்டு வாங்கும் நைக்ரோம். 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். அதன் ரகசியம் தோலில் இருக்கிறது. முதல் முறை சிவக்கும்போது மேலே மெல்லிய குரோமியம் ஆக்சைடு படர்கிறது. அந்தப் படலம் உரியாமல் ஒட்டிக்கொண்டு, உள்ளே காற்று போகாமல் காக்கிறது. பின்னால் சுவீடனில் உருவான கந்தால் என்ற இரும்பு–குரோமியம்–அலுமினியம் கலவையில் அதே வேலையை அலுமினியம் ஆக்சைடு செய்கிறது. நைக்ரோம் ஏறக்குறைய 1200 டிகிரி சென்டிகிரேடு வரை போகலாம். கந்தாலின் உயர் ரகம் 1400 வரை தாங்கும். இவை தடித்த கம்பிக்குச் சொன்ன எண்கள். மெல்லிய கம்பியில் தோலுக்குப் பின்னால் இருக்கிற உலோகம் குறைவு, ஆகவே வரம்பும் குறையும்.

இரண்டையும் அடையாளம் காண ஒரு எளிய வழி, காந்தம். கந்தால் காந்தத்தில் ஒட்டும், 80-20 நைக்ரோம் ஒட்டாது. ஒட்டினால் அது கந்தால்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், சாதாரண இரும்புக் கம்பியும் ஒட்டும்.

பாதிக் கணக்கு

இப்போது ஒரு 1000 வாட் காயில் செய்வோம். சப்ளை 230 வோல்ட். 1000-ஐ 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 53 ஓம். இது காயில் சிவந்திருக்கும்போது இருக்க வேண்டிய மின்தடை. நைக்ரோமின் மின்தடை சூட்டில் அதிகம் மாறாது, நான்கைந்து சதவீதம்தான் ஏறும். ஆகவே குளிர்ந்த நிலையில் மல்டிமீட்டரில் 51 ஓம் காட்டினால் சரி. பல்புக்குள் இருக்கும் டங்ஸ்டன் இழை இப்படி இல்லை. அது எரியும்போது இருக்கும் மின்தடையில் பத்தில் ஒரு பங்குகூட அணைந்திருக்கும்போது இருக்காது. நைக்ரோமின் இந்தச் சாதுவான குணம்தான் நம் கணக்கைச் சுலபமாக்குகிறது.

சரி, 51 ஓம் வேண்டும். அதை எந்தக் கம்பியில் எடுப்பது? 28 கேஜில் ஐந்து மீட்டர் சொச்சம் எடுத்தாலும் 51 ஓம். 22 கேஜில் பதினெட்டரை மீட்டர் எடுத்தாலும் 51 ஓம். இரண்டும் 1000 வாட்தான். மீட்டர் இரண்டுக்கும் ஒரே யூனிட்தான் ஓட்டும். ஓம் விதி இந்த இடத்தோடு வாயை மூடிக்கொள்கிறது. பாதிக் கணக்கு என்று சொன்னது இதைத்தான்.

மீதிப் பாதி

அந்த 1000 வாட் சூடும் கம்பியின் மேல்பரப்பு வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வேறு வாசல் கிடையாது. வாசல் சின்னதாக இருந்தால் கம்பி அதிகமாகச் சூடேறித்தான் அத்தனை வாட்டையும் வெளியே தள்ள முடியும். ஆகவே பார்க்க வேண்டியது, ஒரு சதுர சென்டிமீட்டர் மேல்பரப்புக்கு எத்தனை வாட் என்பது. இதைப் பரப்புச் சுமை என்று வைத்துக் கொள்வோம்.

அன்றைக்குத் திரையில் காட்டிய கணக்கை இங்கே அச்சில் தருகிறேன். எல்லாம் 80-20 நைக்ரோம், 1000 வாட், 230 வோல்ட், எஸ்.டபிள்யூ.ஜி. கேஜ்.

28 கேஜ் (0.376 மி.மீ.): நீளம் 5.2 மீட்டர், மேல்பரப்பு 61 ச.செ.மீ., பரப்புச் சுமை 16.3 வாட், எடை 4.8 கிராம்.

26 கேஜ் (0.457 மி.மீ.): நீளம் 7.7 மீட்டர், மேல்பரப்பு 110 ச.செ.மீ., பரப்புச் சுமை 9.1 வாட், எடை 10.4 கிராம்.

24 கேஜ் (0.559 மி.மீ.): நீளம் 11.5 மீட்டர், மேல்பரப்பு 202 ச.செ.மீ., பரப்புச் சுமை 5 வாட், எடை 23.4 கிராம்.

22 கேஜ் (0.711 மி.மீ.): நீளம் 18.6 மீட்டர், மேல்பரப்பு 415 ச.செ.மீ., பரப்புச் சுமை 2.4 வாட், எடை 61 கிராம்.

தம்பிகள் இந்த அட்டவணையில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 26-லிருந்து 24-க்குப் போகும்போது விட்டம் 22 சதவீதம்தான் கூடுகிறது. பரப்புச் சுமையோ கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. எப்படி? விட்டம் கூடினால் குறுக்குவெட்டு அதன் வர்க்கமாகக் கூடும். அதே மின்தடை கிடைக்க நீளமும் வர்க்கமாகக் கூட வேண்டும். மேல்பரப்பு என்பது விட்டமும் நீளமும் பெருக்கியது. ஆக, மேல்பரப்பு விட்டத்தின் கனமாகக் கூடுகிறது. வாட்டும் வோல்ட்டும் மாறாத வரை, விட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் சூட்டில் பெரிய மாற்றம். இந்த ஒரு வரியை நோட்டில் எழுதி வைத்துக் கொண்டால் இன்றைய உரையில் முக்கால்வாசி கைக்கு வந்த மாதிரி.

இந்தச் சுமைகள் எவ்வளவு சூடு என்று ஸ்டீஃபன்–போல்ட்ஸ்மன் விதியை வைத்துத் தோராயமாகப் பார்க்கலாம். கதிர்வீச்சை மட்டும் எடுத்துக்கொண்டு, கம்பியின் கதிர்வீச்சுத் திறனை 0.8 என்று வைத்தேன். கம்பியை நேராக இழுத்துக் கட்டியிருந்தால் 28 கேஜ் 1100 டிகிரி, 26 கேஜ் 915, 24 கேஜ் 750, 22 கேஜ் 580 டிகிரிக்குப் போகும். ஆனால் அடுப்பில் கம்பி நேராக இருப்பதில்லை. சுருளாகச் சுற்றி, பீங்கான் தட்டின் பள்ளத்தில் வைக்கிறோம். ஒரு சுற்று பக்கத்துச் சுற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அடிப்பக்கம் பீங்கானைப் பார்க்கிறது. மேல்பரப்பில் பாதிதான் சூட்டை வெளியே விடுகிறது என்று வைத்தால் அதே கம்பிகள் முறையே 1360, 1140, 945, 740 டிகிரிக்குப் போகின்றன.

நைக்ரோம் உருகுவது 1400-க்குப் பக்கத்தில். 28 கேஜ் காயில் சிவப்பு தாண்டி, மஞ்சள் தாண்டி, கண் கூசுகிற வெளிச்சத்தில் நிற்கும். ஒரு வாரம் தாங்கினால் அதிசயம். 26 கேஜ் வேலை செய்யும், ஆனால் வரம்புக்கு அறுபது டிகிரி கீழே, விளிம்பில் நின்றுகொண்டு. 24 கேஜ் நிம்மதியாக இருக்கும். 22 கேஜ் ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் அத்தனை நீளக் கம்பியைத் தட்டுக்குள் அடக்க இடம் போதாது, சிவக்கவும் நேரமாகும். எனவே இந்த அடுப்புக்கு என்னைக் கேட்டால் 24 என்பேன்.

வோல்ட்டேஜ் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட் என்பது வோல்ட்டின் வர்க்கம். நடுராத்திரியில் லைனில் 250 வோல்ட் வந்தால் அந்த 1000 வாட் காயில் 1180 வாட் ஆகிவிடும். விளிம்பில் நிற்கிற 26 கேஜைக் கீழே தள்ள அது போதும்.

தராசு சொல்லும் உண்மை

அட்டவணையின் கடைசிக் கணக்கு எடை. அதை ஏன் போட்டேன்? கம்பி கிலோ கணக்கில் விற்கிறது. 24 கேஜில் 23 கிராம் தேவைப்படுகிற அதே 1000 வாட் காயிலை 26 கேஜில் பத்து கிராமில் முடித்துவிடலாம். 28-ல் ஐந்து கிராம்கூட வேண்டாம். எடை விட்டத்தின் நான்காம் அடுக்காக ஓடுகிறது. காயில் செய்கிறவருக்கு மெல்லிய கம்பி எவ்வளவு பெரிய ஆசை காட்டும் என்று பாருங்கள். அட்டையில் "1000 வாட்" என்று அச்சடித்தது பொய்யும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு பலகாரக் கடைக்காரர் எங்கள் கூடத்துக்கு வந்தார். "தம்பி, மாசம் ஒரு காயில் போகுது. கரண்ட்ல கோளாறா, அடுப்புல கோளாறான்னு தெரியல. எலக்ட்ரீசியன் வயரிங் எல்லாத்தையும் மாத்திட்டார்" என்று நொந்துகொண்டார். அறுந்த காயில் துண்டுகளை ஒரு பையில் போட்டுக் கொண்டு வந்திருந்தார். மல்டிமீட்டரில் அவர் வைத்திருந்த புதுக் காயிலைப் பார்த்தோம், மின்தடை சரியாக இருந்தது. ஸ்க்ரூகேஜில் பிடித்ததும் விஷயம் வெளியே வந்தது. அவர் முதலில் பல வருடம் ஓட்டிய பழைய காயிலின் துண்டு 0.56 மி.மீ., இப்போது வாங்குவது 0.46. வாட் அதே, கம்பி பாதி எடை. கனமான கம்பியில் சுற்றிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அவர் காயிலுக்காக வரவில்லை, தீபாவளிக்குப் பலகாரப் பெட்டியோடுதான் வந்தார்.

ஆகவே காயில் வாங்கும்போது மல்டிமீட்டர் மட்டும் போதாது, ஸ்க்ரூகேஜும் வேண்டும். முதலாண்டு இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூகேஜை அலுத்துக்கொண்டு படித்தவர்களுக்கு இது தெரியட்டும்.

கேஜ் எண்ணிலும் ஒரு குழி உண்டு. நம் கடைகளில் கேஜ் என்றால் பெரும்பாலும் பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. வெளிநாட்டு அட்டவணைகளில் பெரும்பாலும் அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. எஸ்.டபிள்யூ.ஜி. 24 என்பது 0.559 மி.மீ., ஏ.டபிள்யூ.ஜி. 24 என்பது 0.511 மி.மீ. ஒன்பது சதவீத வித்தியாசம்தானே என்று விட்டால், மேலே சொன்ன கனக் கணக்கின்படி பரப்புச் சுமை முப்பது சதவீதம் மாறிவிடும். கேஜ் எண்ணை மறந்துவிட்டு மில்லிமீட்டரில் கேளுங்கள்.

அறுந்த காயிலை முறுக்கிப் போடலாமா?

விடுதியில் படித்தவர்களுக்கு இந்தப் பழக்கம் தெரியும். காயில் அறுந்தால் இரண்டு முனையையும் இழுத்து முறுக்கி மறுபடி போட்டுவிடுவது. "அதான் எரியுதே மச்சான்" என்று ஒருவர் சான்றிதழும் கொடுப்பார். அந்த எரிதலின் கணக்கைப் பாருங்கள்.

முறுக்கும்போது கம்பியில் பத்து சதவீதம் வீணாயிற்று என்று வைப்போம். மின்தடை பத்து சதவீதம் குறைகிறது, வாட் பதினொரு சதவீதம் கூடுகிறது. அதே சமயம் மேல்பரப்பும் பத்து சதவீதம் குறைந்துவிட்டது. இரண்டும் சேர்ந்து பரப்புச் சுமை 23 சதவீதம் ஏறுகிறது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை முறுக்கி இருபது சதவீதம் போயிருந்தால் சுமை 56 சதவீதம் ஏறியிருக்கும். ஒவ்வொரு முறை அறுந்த பிறகும் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் அறுவது இதனால்தான்.

முறுக்கின இடம் தனி ஆபத்து. பழைய கம்பியின் மேல் ஆக்சைடு தோல் இருக்கிறது என்று சொன்னேன். அது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. முறுக்கின இடத்தில் மின்தடை கூடி, அங்கே மட்டும் சூடு குவியும், பொறி பறக்கும். கம்பி எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கேதான் அதிகச் சூடு, அதிகச் சூடு இருக்கும் இடம்தான் மேலும் மெலியும். இது தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிற நோய்.

மூன்றாவது, கரண்ட் ஏறிக்கொண்டே போகிறது. விடுதி அறையின் சிறிய ப்ளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. 1000 வாட்டில் 4.35 ஆம்பியர், சரி. 1500 வாட்டில் ஆறரை, வரம்பு தாண்டியாயிற்று. 2000 வாட்டில் 8.7 ஆம்பியர், அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் அதற்கேற்ற வயரும் வேண்டும். அதே பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு இஸ்திரிப்பெட்டியும் செருகினால் சுவருக்குள் ஓடும் வயர்தான் காயிலாக மாறும். விடுதியில் ஹீட்டர் கூடாது என்று வார்டன் சொல்வது நம்மேல் கோபத்தினால் இல்லை. சுவருக்குள் இருக்கிற வயர் யார் கண்ணுக்கும் தெரியாது என்பதனால்தான்.

திறந்த காயில் அடுப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கம்பியே லைவ். எவர்சில்வர் பாத்திரம் சாய்ந்து கம்பியைத் தொட்டால் பாத்திரமும் லைவ். சுவிட்ச் நியூட்ரலில் போட்டிருந்தால், அணைத்த பிறகும் கம்பி லைவாகவே இருக்கும். எர்த்தும், கசிவு கரண்டில் விழுகிற ஆர்.சி.சி.பி.யும் இல்லாத இடத்தில் திறந்த காயிலைத் தொடவே தொடாதீர்கள்.

பேட்டரியில் கணக்கு தலைகீழ்

இதுவரை கேட்டதில் "கம்பி கனமானால் பாதுகாப்பு" என்று யாராவது முடிவு கட்டியிருந்தால் இப்போது கொஞ்சம் நிறுத்திக்கொள்ளுங்கள். அது வாட்டையும் வோல்ட்டையும் முதலில் நிர்ணயித்துவிட்டு, நீளத்தை நம் இஷ்டத்துக்கு விட்டால்தான் உண்மை. நீளத்தை முதலில் நிர்ணயித்துவிட்டால் கதை மாறிவிடும். இதற்கு நல்ல உதாரணம் வெளிநாடுகளில் பரவிய வேப்பிங் சாதனம், அதாவது மின்சிகரெட்.

நம் நாட்டில் 2019 செப்டம்பரில் அவசரச் சட்டத்தின் மூலமும், அதே ஆண்டு டிசம்பரில் முழுச் சட்டத்தின் மூலமும் மின்சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாம் தடை செய்யப்பட்டன. நிக்கோட்டின் ஆளை அடிமைப்படுத்தும் பொருள், அதை யாருக்கும் நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பொழுதுபோக்காகத் தாங்களே அதற்குக் காயில் சுற்றியவர்கள் சந்தித்த ஆபத்தில், பேட்டரி வைத்து புராஜெக்ட் செய்கிற ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

அந்தக் காயில் நம் சுண்டுவிரல் நகத்தளவுதான். 3 மி.மீ. குச்சியில் ஆறு சுற்று, அவ்வளவே. மொத்தக் கம்பி ஆறேழு சென்டிமீட்டர். இடம் அவ்வளவுதான் என்பதால் நீளத்தைக் கூட்ட முடியாது. முழுதாகச் சார்ஜ் ஆன ஒரு லித்தியம்–அயன் செல் 4.2 வோல்ட். கந்தால் உயர் ரகக் கம்பி என்று வைத்துக் கணக்கிடுவோம்.

0.32 மி.மீ. கம்பியில் மின்தடை 1.1 ஓம் வரும். கரண்ட் 3.8 ஆம்பியர்.

0.51 மி.மீ. கம்பியில் 0.47 ஓம். கரண்ட் 9 ஆம்பியர்.

0.64 மி.மீ. கம்பியில் 0.31 ஓம். கரண்ட் 13.7 ஆம்பியர்.

கடைசிக் காயிலைப் போல இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 0.15 ஓம், 27 ஆம்பியர்.

இங்கே கனமான கம்பி செல்லுக்கு எமன். 18650 என்கிற, 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள செல்லில் பல ரகம் உண்டு. அதிகக் கரண்டுக்கென்றே செய்தவை 20, 30 ஆம்பியர் தொடர்ந்து தரும். பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து எடுத்த செல் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வரம்பு மீறிக் கரண்ட் இழுத்தால் செல் உள்ளே சூடேறி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பி, வாயுவைக் கக்கித் தீப்பிடிக்கும். சட்டைப்பையிலும் முகத்துக்கு அருகிலும் வெடித்துக் காயம்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பல கட்டுரைகள் வந்திருக்கின்றன. கரண்டைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று எதுவும் இல்லாத, வெறும் குழாயும் சுவிட்சும் மட்டும் உள்ள சாதனங்களில் இந்த ஆபத்து மிக அதிகம். அங்கே ஓம் விதியைத் தவிர வேறு காவல்காரர் இல்லை.

ஆக, விதி இரண்டு. லைன் கரண்டில் வாட்டை நிர்ணயித்துவிட்டுப் பரப்புச் சுமையைப் பார். பேட்டரியில் முதலில் செல்லின் ஆம்பியர் வரம்பைப் பார், அதிலிருந்து குறைந்தபட்ச மின்தடையைக் கணக்கிடு, பிறகுதான் கம்பியைத் தொடு. 10 ஆம்பியர் செல் என்றால் 4.2-ஐப் பத்தால் வகுத்து 0.42 ஓம். அது கடைசி எல்லை. புத்தியுள்ளவர் அதைவிட ஒன்றரை மடங்காவது மேலே நிற்பார்.

தெர்மாகோல் வெட்டும் கம்பி

மாணவர்கள் அதிகம் செய்வது தெர்மாகோல் கட்டர்தான். மாடல் செய்கிற சிவில் துறைத் தங்கைகள் வந்து கேட்பார்கள். 40 செ.மீ. நீளம், எஸ்.டபிள்யூ.ஜி. 26 நைக்ரோம் என்று எடுப்போம். மின்தடை 2.7 ஓம். கையில் இருக்கிறதே என்று 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்தால் 4.5 ஆம்பியர், 54 வாட், பரப்புச் சுமை 9.4. இது அடுப்புச் சூடு! கம்பி நெருப்பாகச் சிவக்கும், தெர்மாகோல் வெட்டுப்படாமல் எரியும், புகையும் நச்சு. வெட்டுவதற்கு 200, 250 டிகிரி போதும். 6 வோல்ட், 3 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் கொடுங்கள். 13 வாட் சொச்சம், பரப்புச் சுமை இரண்டரைக்குள் வரும், வேலை நடக்கும். கம்பி சிவந்தால் வோல்ட்டேஜ் அதிகம் என்று அர்த்தம். சூட்டில் கம்பி நீளும் என்பதால் ஒரு முனையில் ஸ்பிரிங் வையுங்கள். ஃப்யூஸ் இல்லாமல் பைக் பேட்டரியில் நேரடியாக மாட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

சுற்றும்போது கவனிக்க

நேரம் குறைவு என்பதால் கைப்பழக்கம் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சுருளின் விட்டம் கம்பியின் விட்டத்தைப் போல ஏழெட்டு மடங்குக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் சிவந்த நிலையில் சுருள் தொய்ந்து படுத்துவிடும். நம் 24 கேஜ் கம்பியை 4 மி.மீ. குச்சியில் சுற்றினால் எண்ணூறு சுற்று வரும், நெருக்கமாக 45 செ.மீ. நீளம். அதை இரண்டு மூன்று மடங்காக ஒரே சீராக இழுக்க வேண்டும். எங்கே சுற்று நெருங்கியிருக்கிறதோ அங்கே முதலில் அறும்.

முதலில் குறைந்த வோல்ட்டேஜில் இருட்டில் சிவக்க வைத்துப் பாருங்கள். சிவப்பு ஒரே சீராக இல்லையென்றால் அணைத்து, ப்ளக்கைக் கழற்றி, ஆறவிட்டுச் சரி செய்யுங்கள். கந்தால் கம்பி ஒருமுறை நன்றாகக் காய்ந்த பிறகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதை வளைப்பதெல்லாம் முதல் சூட்டுக்கு முன்னால்தான்.

இரண்டு முனையிலும் கம்பியை இரட்டையாக மடித்து முறுக்கி விடுங்கள். அந்தப் பகுதியில் மின்தடை குறைந்து, டெர்மினல் சூடாகாமல் இருக்கும். ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள், உருகி விழும். பீங்கான் கனெக்டரும் திருகும்தான் சரி. சாதாரண பி.வி.சி. வயரைக் காயிலுக்குப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், கண்ணாடி இழை உறை போட்ட வயரைப் பயன்படுத்துங்கள். உப்புக் கலந்த சாதக்கஞ்சி பொங்கிக் காயிலில் விழுந்தால் அந்தப் பாதுகாப்புத் தோல் கெடும் என்பதை வீட்டில் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள்

நம் துறை ஆய்வகத்தில் மின்தடை அளக்கும் பாலங்கள் இருக்கின்றன, மீட்டர்கள் இருக்கின்றன. ஒரே 1000 வாட்டுக்கு நாலு தடிமனில் சுற்றிய நாலு காயிலை ஒரு பலகையில் வைத்து, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூகேஜும் ஒரு சின்னத் தராசும் வைத்தால், இன்று நான் முக்கால் மணி நேரம் பேசியதை மாணவர்கள் ஐந்து நிமிடத்தில் கண்ணால் பார்த்துவிடுவார்கள். அந்தக் காயில்களையும் கம்பி ரகங்களையும் செய்து தருவது என் பொறுப்பு. துறைத் தலைவர் அனுமதித்தால் அடுத்த பருவத்துக்குள் வந்துவிடும். இறுதியாண்டு மாணவர்கள் யாராவது பரப்புச் சுமைக்கும் காயிலின் ஆயுளுக்கும் உள்ள உறவை அளந்து பார்க்க முன்வந்தால், எங்கள் கூடத்தில் இடமும் கம்பியும் தருகிறோம்.

வாட் என்ன என்று கேட்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. அதோடு "கம்பி எத்தனை மில்லிமீட்டர்?" என்றும் கேட்கப் பழகுவோம். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும், கேட்பவர் இன்ஜினீயர் என்று புரிந்துகொள்வார்.